நாய் வளர்ப்போர் பக்கம்: உங்கள் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் புதிதாகக் குட்டி வாங்கியவர்களின் சந்தேகங்கள் அதிகம். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறோம்.

பக்கத்துத் தெருக்காரர் 35 நாள் குட்டி ஒன்றைக் கொடுத்தார். பசும்பால் ஊற்றி வளர்க்கிறோம். எந்தெந்த ஊசி எப்போது போட வேண்டும்? ஒரு ஊசி போட்டாலே போதும் என்கிறார்களே?
— வாசகி, மதுரை

தாய் நாய் அதே தெருவில்தானே இருக்கிறது? இன்னும் மூன்று வாரத்துக்குக் குட்டியைத் தாயிடமே விட்டுவையுங்கள். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது என்று 2017-இல் வந்த நாய் இனப்பெருக்க விதிகள் சொல்கின்றன. காரணம் பால் மட்டும் இல்லை. கூடப் பிறந்தவற்றோடு புரண்டு விளையாடும்போது பல்லை அழுத்தினால் எதிரில் இருப்பது கத்தும், விளையாட்டு நின்றுபோகும். எவ்வளவு அழுத்தலாம் என்பதைக் குட்டி அப்படித்தான் கற்றுக்கொள்கிறது. சீக்கிரமே பிரிந்த குட்டி, வளர்ந்த பிறகு உங்கள் கையில் அந்தப் பாடத்தைப் படிக்கும்.

திருப்பி விட வழியில்லை என்றால் பசும்பாலை முதலில் நிறுத்துங்கள். நாய்ப்பாலைவிட அதில் கொழுப்பும் புரதமும் குறைவு, லாக்டோஸ் அதிகம். வயிற்றுப்போக்கில்தான் போய் முடியும். குட்டிகளுக்கான உலர் தீவனத்தை வெந்நீரில் ஊறவைத்துக் கூழாக மசித்து, ஒரு நாளைக்கு நான்கு வேளை கொடுங்கள்.

அடுத்தது பூச்சி மருந்து. உருண்டைப்புழு குட்டி வயிற்றிலிருக்கும்போதே தாயிடமிருந்து வந்துவிடும், கொக்கிப்புழு பால் வழியே வரும். அதனால் இரண்டு வார வயதில் தொடங்கி 12 வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை, அதற்குமேல் மூன்று மாதத்துக்கு ஒரு முறை கொடுக்க வேண்டும். அளவு எடையைப் பொறுத்தது. ஒவ்வொரு முறையும் தராசில் நிறுத்துப் பாருங்கள். கண்ணால் மதிப்பிட்டால் பெரும்பாலும் தப்பாகப் போகும்.

இப்போது ஊசி. டிஸ்டெம்பர், பார்வோ, கல்லீரல் அழற்சி, எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோ ஆகியவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசியை 6 முதல் 8 வாரத்துக்குள் தொடங்கி, மூன்று அல்லது நான்கு வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போட வேண்டும். கடைசி ஊசி 16 வாரம் நிறைந்த பிறகு விழ வேண்டும். ரேபிஸ் தடுப்பூசி 12 வாரத்தில் ஒன்று, மூன்று நான்கு வாரம் கழித்து இன்னொன்று, அதன்பின் ஆண்டுதோறும்.

ஒன்று ஏன் போதாது? தாயின் சீம்பாலில் வந்த எதிர்ப்பு சக்தி குட்டியின் ரத்தத்தில் சில வாரம் இருக்கும். அது இருக்கும்வரை ஊசியில் உள்ள மருந்தையும் கிருமியாகவே எண்ணி அழித்துவிடும். சில குட்டிகளுக்கு அது 8 வாரத்தில் தீரும், சிலவற்றுக்கு 14, 16 வாரம்கூட ஆகும். எந்தக் குட்டிக்கு எப்போது தீரும் என்று பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவேதான் இடைவெளி விட்டு மறுபடி மறுபடி போடுகிறோம். ‘ஊசி போட்டும் செத்துப்போச்சு’ என்று வருபவர்களின் அட்டையைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே ஒரு ஊசிதான் பதிவாகியிருக்கும்.

தடுப்பு மருந்தை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும். கடையில் வாங்கி வெயிலில் பையில் எடுத்துப்போனால் வெறும் தண்ணீரைப் போட்ட மாதிரிதான். கடைசி ஊசி முடியும்வரை தெருமண்ணில் இறக்காதீர்கள். அதற்காக வீட்டுக்குள் அடைத்தும் வைக்காதீர்கள்! மூன்றாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரம் வரை பார்த்துப் பழகியவற்றைத்தான் நாய் வாழ்நாள் முழுக்கப் பயமில்லாமல் ஏற்கும். கையில் தூக்கிக்கொண்டு போய்ப் பேருந்துச் சத்தம், குழந்தைகள், தலைப்பாகை கட்டியவர், குடை பிடித்தவர் எல்லாரையும் காட்டுங்கள்.

போன மாதம் எங்கள் குட்டி ரத்தபேதியாகி இரண்டே நாளில் இறந்துவிட்டது. பார்வோ என்றார்கள். பிள்ளைகள் அழுகிறார்கள். உடனே வேறு குட்டி வாங்கலாமா?
— வாசகர், சேலம்

உடனே வேண்டாம். பார்வோ வைரஸ் மண்ணில் பல மாதம், நிழலும் ஈரமும் இருந்தால் ஓராண்டுகூட உயிரோடு இருக்கும். சாதாரண சோப்பும் பினாயிலும் அதை ஒன்றும் செய்யாது. தரையை முதலில் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள், அழுக்கு இருந்தால் குளோரின் வேலை செய்யாது. பிறகு 5 விழுக்காடு சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஈரமாகவே விட்டுக் கழுவுங்கள். குட்டி படுத்த சாக்கு, துணி, மரக்கட்டை ஆகியவற்றை எரித்துவிடுங்கள். மண்தரையைச் சுத்தம் செய்ய வழியே இல்லை. அதனால் அந்த வீட்டுக்கு அடுத்து வரும் நாய், தடுப்பூசிகள் எல்லாம் முடிந்த, நான்கைந்து மாதம் கடந்த நாயாக இருக்கட்டும். தத்துக் கொடுக்கும் காப்பகங்களில் அந்த வயதுக் குட்டிகளை யாரும் சீண்டுவதில்லை. உங்கள் வீட்டுக்கு அவைதான் பொருத்தம்.

எங்கள் வீட்டில் அசைவம் கிடையாது. 15 கிலோ நாட்டு நாய்க்குத் தினமும் தயிர் சாதமும் பிஸ்கட்டும் கொடுக்கிறோம். ஆசையாகச் சாப்பிடுகிறது. ஆனால் முடி கொட்டுகிறது, தோலில் செதில் செதிலாக வருகிறது.
— வாசகி, கும்பகோணம்

ஆசையாகச் சாப்பிடுவது போதிய உணவு என்பதற்கு அடையாளம் இல்லை. சோற்றில் இருப்பது மாவுச்சத்து, தயிரில் புரதம் 3, 4 விழுக்காடுதான். முடி முழுக்கப் புரதத்தால் ஆனது, அதனால் குறை முதலில் முடியிலும் தோலிலும் தெரிகிறது. சொறி, பூஞ்சை இல்லை என்பதையும் மருத்துவரிடம் ஒருமுறை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

அடுப்படியில் மாமிசம் ஏறக் கூடாது என்றால், வளர்ந்த நாய்க்கான உலர் தீவனம் நல்ல வழி. சமைக்க வேண்டியதில்லை, நாய்க்கெனத் தனித் தட்டு, தனி இடம் போதும். மாற்றும்போது ஒரே நாளில் மாற்றாதீர்கள். முதல் இரண்டு நாள் கால் பங்கு புதியது, அடுத்த இரண்டு நாள் பாதி, பிறகு முக்கால், ஏழாம் நாள் முழுவதும் என்று போனால் வயிறு கெடாது.

வீட்டில் சமைத்துக் கொடுக்கும் மற்ற வாசகர்களுக்காக ஒரு கணக்கு. கருத்தடை செய்த, வளர்ந்த 15 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 850 கிலோகலோரி தேவை. 100 கிராம் அரிசியை வேகவைத்தால் கிடைக்கும் சோறு ஏறக்குறைய 300 கிராம், எலும்பில்லாமல் வேகவைத்த கோழி 180 கிராம், ஒரு முட்டை, கேரட் அல்லது பூசணி ஒரு கைப்பிடி, எண்ணெய் ஒரு தேக்கரண்டி. இதை இரண்டு வேளையாகப் பிரியுங்கள். உப்பும் காரமும் வேண்டாம். இந்தச் சாப்பாட்டில் கால்சியம் போதாது, அதற்கான கலவையை மருத்துவர் எடை பார்த்து எழுதித் தருவார். இதை விட்டுவிட்டு வெறும் சோறும் கறியுமாக வளர்த்த குட்டிகளுக்குத்தான் முன்னங்கால் வளைகிறது, திண்ணையிலிருந்து குதித்தாலே எலும்பு முறிகிறது.

மீந்த சாம்பாரைச் சோற்றில் பிசைந்து வைக்கும் பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் நிறுத்துங்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். உடல் எடையில் கிலோவுக்கு 15 கிராம் வெங்காயம் ஒரே நேரத்தில் போனாலே ஆபத்து. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனாலும் சேர்ந்துகொண்டே வரும். பாயசத்தில் கிடக்கும் உலர் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும், அதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. வெந்த எலும்பு ஊசியாகப் பிளந்து குடலைக் குத்தும்; பிரியாணி சாப்பிட்ட இலையை எலும்போடு மடித்துத் தெருவில் போடுபவர்களும் இதை நினைக்க வேண்டும்.

எவ்வளவு பிடுங்கினாலும் உண்ணி குறையவில்லை. வாரம் இரண்டு முறை குளிப்பாட்டுகிறோம். மண்ணெண்ணெய் தடவச் சொல்கிறார்கள். இப்போது நாய் சோர்ந்து படுத்தே இருக்கிறது.
— வாசகர், திருநெல்வேலி

கடைசி வரிதான் எங்களுக்குக் கவலையாக இருக்கிறது. இந்தப் பக்கத்தை மூடிவிட்டு நாயின் மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். கட்டை விரலால் அழுத்தினால் அந்த இடம் வெளுக்கும், விரலை எடுத்ததும் இரண்டு நொடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். ஈறு கறுப்பாக உள்ள நாய் என்றால் கீழ் இமையை மெல்ல இறக்கி உள்பக்கம் பாருங்கள். வெளுத்திருந்தாலோ, வயிற்றுத் தோலில் குங்குமப் பொடி தூவியது போல் சிவப்புப் புள்ளிகள் இருந்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். உங்கள் ஊரில் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே போகலாம். ரத்தப் பரிசோதனை செய்தால்தான் உண்ணி பரப்பும் கிருமிகளில் எர்லிக்கியாவா, பபீசியாவா என்று தெரியும். இரண்டுக்கும் மருந்து வேறு. எர்லிக்கியாவுக்குப் பொதுவாக 28 நாள் மாத்திரை எழுதுவார்கள். மூன்றாம் நாளே நாய் எழுந்து வாலாட்டும். சரியாகிவிட்டது என்று பாதியில் விடுபவர்கள் அதிகம். கிருமி உள்ளேயே தங்கி எலும்பு மஜ்ஜையை அரித்து, பல மாதம் கழித்து வரும்போது காப்பாற்றுவது கடினம். காய்ச்சலுக்கு என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலோ வலி மாத்திரையோ கொடுத்துவிடாதீர்கள்.

இனி உண்ணி. நீங்கள் நாயின் மேல் பார்ப்பது சிறு பங்குதான். ரத்தம் குடித்து உருண்ட பெட்டை உண்ணி கீழே விழுந்து, சுவரேறி, விரிசலில் போய் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். தரையை மட்டும் கழுவிப் பயனில்லை, இந்த உண்ணி மேல்நோக்கி ஏறும் பழக்கமுள்ளது. கதவு நிலை, ஓட்டுச் சரிவு, சுவரில் ஆணி அடித்த ஓட்டை எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். விரிசலைச் சிமென்ட் வைத்து அடைத்து வெள்ளையடியுங்கள். மருந்து தெளிப்பதானால் வீட்டுச் சுவர்களுக்கென உள்ளதை மருத்துவரைக் கேட்டு வாங்கி, நாயை அப்புறப்படுத்திவிட்டுத் தெளித்து, நன்கு காய்ந்த பின் விடுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி தெளித்தால்தான் பிறகு பொரித்த குஞ்சுகள் சாகும். வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தை நாய் மேல் பூசவே கூடாது, நக்கியே செத்துப்போகும். வீட்டில் பூனை இருந்தால் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த எதையும் உள்ளே கொண்டுவராதீர்கள்.

நாய்க்கு உள்ளுக்குக் கொடுக்கும் உண்ணி மாத்திரைகள் இப்போது நன்றாக வேலை செய்கின்றன. சில ஒரு மாதத்துக்கு, சில மூன்று மாதத்துக்குத் தாங்கும். வலிப்பு வந்த நாய் என்றால் மருத்துவரிடம் முன்னதாகச் சொல்லிவிடுங்கள்.

மண்ணெண்ணெய் தோலைப் பொசுக்கும். கையில் பிடுங்குவதானால் இடுக்கியைத் தோலை ஒட்டி வைத்து, உண்ணியின் வயிற்றை நசுக்காமல், நேராக, நிதானமாக இழுங்கள். எடுத்ததை ஸ்பிரிட்டில் போடுங்கள், விரலால் நசுக்காதீர்கள். காதுமடலுக்குள், கால்விரல் இடுக்கில், அக்குளில், கழுத்துப்பட்டைக்கு அடியில், வாலின் கீழே தேடுங்கள். குளியல் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை போதும், மாதமொருமுறை என்றாலும் குற்றமில்லை.

விளையாடும்போது எங்கள் நாயின் பல் பட்டு மகன் கையில் லேசான கீறல், ரத்தமும் வந்தது. நாய்க்கு எல்லா ஊசியும் போட்டிருக்கிறோம். அம்மா மஞ்சள் வைத்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமா?
— வாசகி, ஈரோடு

போக வேண்டும், இன்றைக்கே. மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள், மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள், நம் மனசுக்கு இரண்டு நிமிடமே பதினைந்து போலத் தோன்றும். ரேபிஸ் வைரஸின் மேலுறை கொழுப்பாலானது, சோப்பு அதைக் கரைக்கும். கட்டுப் போட வேண்டாம்.

அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தடுப்பூசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் போடுவார்கள். ரத்தம் வந்த காயம் என்பதால் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தைக் காயத்தைச் சுற்றியும் போட வேண்டியிருக்கலாம். அதை மருத்துவர் சொல்வார். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று பயந்து தள்ளிப்போடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்தப் பழைய மருந்தை நாடு கைவிட்டு இருபதாண்டு ஆகிறது, இப்போது கையில்தான் போடுகிறார்கள்.

நாயைப் பத்து நாள் கவனியுங்கள். ரேபிஸ் கண்ட நாயின் எச்சிலில் வைரஸ் வருவது, நோய்க்குறி தெரிவதற்குச் சில நாள் முன்பிருந்துதான்; குறி தெரிந்த பின் நாய் பத்து நாள் தாங்காது. பத்தாம் நாளும் நன்றாகச் சாப்பிட்டு நடமாடினால் பல் பட்ட அன்று எச்சிலில் வைரஸ் இல்லை என்று பொருள். ஆனால் அதற்காகக் காத்திருந்து ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. ஊசியைத் தொடங்கிவிட்டு நாயையும் கவனியுங்கள். உங்கள் நாயின் தடுப்பூசி அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கடித்த நாய் என்று தெருவில் விரட்டிவிடுபவர்கள், அந்தப் பத்து நாள் ஆதாரத்தையே தொலைக்கிறார்கள்.

வெள்ளை ராஜபாளையம், ஏழு மாதம். கூப்பிட்டால் வருவதே இல்லை, திமிர். பகல் முழுக்கச் சங்கிலியில் கட்டியிருக்கிறோம். பின்னால் போய்த் தொட்டால் கடிக்க வருகிறது.
— வாசகர், விருதுநகர்

திமிர் என்று முடிவு கட்டும் முன் காது கேட்கிறதா என்று பாருங்கள். தூய வெள்ளையும் இளஞ்சிவப்பு மூக்குமாக உள்ள ராஜபாளையங்களில் பிறவிச் செவிட்டுத்தன்மை அதிகம் காணப்படுகிறது. நாய் தூங்கும்போது, அது பார்க்க முடியாத பக்கம், தரை அதிராமல் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். காதுமடல் அசைகிறதா? கையைத் தட்டினால் காற்று அதன் முடியில் படும், காலைத் தட்டினால் தரை அதிரும், அப்படிச் செய்தால் சோதனை பொய்யாகும். ஒரு காது மட்டும் கேட்கும் நாய்களும் உண்டு. அவை சத்தம் வந்த திசையைத் தப்பாகத் திரும்பிப் பார்க்கும்.

காது கேட்காத நாயைப் பின்னாலிருந்து தொட்டால் அது திடுக்கிட்டுக் கடிப்பது இயல்பு. முன்பக்கமாகப் போங்கள். தூங்கும்போது அதன் மூக்கருகே கையை நீட்டி, வாசனை பிடித்து எழவிடுங்கள். உள்ளங்கையைக் காட்டினால் உட்கார், கையை நெஞ்சுக்கு இழுத்தால் வா என்று சைகை பழக்கி, ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு முட்டை கொடுங்கள். ஒரு சைகையை வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரி காட்ட வேண்டும். இரண்டே வாரத்தில் மாற்றம் தெரியும். கட்டவிழ்த்து ரோட்டில் விடக் கூடாது, வண்டிச் சத்தம் அதற்கு எட்டாது.

காது நன்றாகக் கேட்டாலும் பகல் முழுக்கக் கட்டுவது தவறு. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் காட்டுப்பன்றியையும் முயலையும் துரத்த வளர்த்த இனங்கள். மூன்றடி வட்டத்துக்குள் நிற்கும் நாய்க்கு விலகிப்போக வழியில்லை. பயந்தால் அதனால் முடிந்தது கடிப்பது ஒன்றுதான். 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 11-ஆம் பிரிவில், நியாயமற்ற நேரத்துக்குக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் கட்டுவதையும், எப்போதும் கட்டியே வைக்கும் நாய்க்கு உடற்பயிற்சி தராததையும் குற்றமாகவே சொல்கிறது. காலை வெயில் ஏறும் முன் அரைமணி நேரம், மாலை அரைமணி நேரம் நடக்கவிடுங்கள். இழுத்துக்கொண்டு ஓடாமல், அது முகர்ந்து பார்க்க நிற்க விடுங்கள். நாய்க்கு அது செய்தித்தாள் படிப்பது மாதிரி. கழுத்துப்பட்டைக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். வாசலில் கதவு போட்டு முற்றத்தில் விட முடிந்தால் சங்கிலியே வேண்டியதில்லை.

பெட்டை நாய்க்குக் கருத்தடை செய்யும் முன் ஒரு முறையாவது குட்டி போட விட வேண்டுமா? பருவத்தைத் தள்ளிப்போட ஊசி இருக்கிறதாமே?
— வாசகி, நாகர்கோவில்

குட்டி போட விட வேண்டியதில்லை. அதனால் உடலுக்கு எந்த நன்மையும் இல்லை, ஆறேழு குட்டிக்கு நல்ல வீடு தேடும் பொறுப்பு மட்டும் வந்து சேரும். அந்த ஊசி வேண்டவே வேண்டாம். கர்ப்பப்பையில் சீழ் கட்டும் நோயை அது வரவழைக்கும். அந்த நோய் பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில், கருத்தடை செய்யாத நடுவயதுப் பெட்டைகளுக்குத் தானாகவும் வரும். நாய் சாப்பிடாமல் தண்ணீரை மட்டும் குடம்குடமாகக் குடித்தால் சந்தேகப்படுங்கள். சீழ் வெளியே வடியாத வகைதான் கூடுதல் ஆபத்து, வெளியில் ஒன்றும் தெரியாது. அறுவை சிகிச்சைக்கான வயதை இனமும் எடையும் பார்த்து மருத்துவர் சொல்வார். பருவத்தில் இருக்கும்போது மட்டும் வேண்டாம். முடிந்த பின் தையலை நக்காமல் பத்து முதல் பதினான்கு நாள் கழுத்தில் கூம்பு மாட்டியே ஆக வேண்டும். பாவம் என்று கழற்றிய இரவில்தான் தையல் பிரியும்.

போன தீபாவளிக்கு வெடிச் சத்தத்தில் ஓடிய நாய் மூன்று நாள் கழித்துக் கிடைத்தது. இந்த ஆண்டு என்ன செய்வது?
— வாசகர், சென்னை

முதலில் மைக்ரோசிப் போட்டுவிடுங்கள். அரிசி மணி அளவுள்ள அதை இரு தோள்பட்டைக்கு நடுவில் ஊசியால் செலுத்துவார்கள். அதில் உள்ளது ஒரு 15 இலக்க எண் மட்டும், நாய் இருக்கும் இடத்தை அது காட்டாது. எண்ணுக்கு எதிரே உங்கள் கைபேசி எண் சரியாகப் பதிவாகியிருந்தால்தான் பயன். எண் மாறினால் அங்கேயும் மாற்றுங்கள். சென்னை மாநகராட்சியில் நாய்க்கு உரிமம் கட்டாயம், சிப்பையும் ரேபிஸ் சான்றையும் கேட்பார்கள், இரண்டையும் ஒன்றாக முடிக்கலாம். கழுத்துப்பட்டையிலும் கைபேசி எண் எழுதிய தகடு ஒன்று தொங்கட்டும், கண்டெடுப்பவரிடம் சிப் படிக்கும் கருவி இருக்காது.

ஒரு மாதம் முன்பே வெடிச் சத்தத்தைக் கைபேசியில் மிக மெதுவாக வைத்து, அதே நேரம் சாப்பாடு வையுங்கள். நாய் தட்டிலிருந்து தலையைத் தூக்காத அளவுக்கு ஒலி இருக்க வேண்டும். சில நாளுக்கு ஒரு முறை சற்றே கூட்டுங்கள். தலையைத் தூக்கினால் பழைய அளவுக்குத் திரும்புங்கள். பயம் மிகுந்த நாய்க்கு மாத்திரை உண்டு. ஆனால் இரண்டு வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்து, ஒரு முறை கொடுத்துப் பார்த்துவிட வேண்டும். உடலை மட்டும் மரத்துப்போகச் செய்து மனப் பயத்தை அப்படியே விடும் மாத்திரைகளும் கடையில் இருக்கின்றன, தானாக வாங்காதீர்கள்.

அன்று சாயங்காலம் இருட்டும் முன்பே நடை, சிறுநீர் எல்லாம் முடித்து, வீட்டின் நடு அறையில் ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியும் தொலைக்காட்சியும் ஓட விடுங்கள். கட்டிலுக்கு அடியில் ஒளிந்தால் இழுக்காதீர்கள். உங்களிடம் வந்து ஒட்டிக்கொண்டால் தடவிக் கொடுங்கள், அதனால் பயம் வளராது. விருந்தினர் வந்து போகும் வாசல் கதவுக்கும் நாய் இருக்கும் அறைக்கும் நடுவே இன்னொரு கதவு எப்போதும் மூடியிருக்கட்டும். மறுநாள் காலை நடைக்குப் போகும்போதும் பட்டையை இரண்டு சுற்றுக் கையில் சுற்றிப் பிடியுங்கள், மிச்சமிருக்கும் வெடிகளைப் பிள்ளைகள் அப்போதும் கொளுத்திக்கொண்டிருப்பார்கள்.